இடப்பக்கம் காலியாக இருந்த கவிதை

போன வாரம் நீங்கள் ஐந்து பேரும் என்னை மடக்கிக்கொண்டு, "சார், உங்க சர்வீஸ்ல நீங்க பண்ணின பெரிய தப்பு எது?" என்று கேட்டீர்கள். அட்டையில் தலைப்பைத் தலைகீழாக அச்சடித்த கதையைச் சொல்லி நழுவிவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள், டீ வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. மொழிபெயர்ப்பை நம்பி இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளிடம் முதல் வாரமே பூசி மெழுகிவிட்டேன். உண்மையான தப்பை ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதித் தருகிறேன்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். எனக்கு இருபத்து நாலு வயசு. விழுப்புரம் பக்கத்துக் கிராமம். வீட்டில் எல்லாரும் கரும்பும் மணிலாக் கடலையும் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். ஊர் அப்போது அரைத்தூக்கத்தில் இருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியும், காகிதத்தில் இன்னும் கைமாறவில்லை என்றார்கள். அது கைமாற அறுபத்திரண்டு ஆயிற்று. இது எந்த நாடு என்று கேட்டால் பாதிப் பேர் இந்தியா என்பார்கள், மீதிப் பேர் "பாப்போம்" என்பார்கள். பகல் பன்னிரண்டுக்குக் கடைகளைச் சாத்திவிட்டு மூன்று மணிவரை ஊரே படுத்துவிடும். அந்த நேரத்தில் தெருவில் வெயிலும் கடல் சத்தமும் மட்டும்தான் இருக்கும். நெல்லித்தோப்பில் என் அறையிலிருந்து அந்த வெயிலில்தான் நான் வேலைக்கு நடப்பேன். விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

வேலை காசீம் பாயின் அச்சகத்தில். பாய் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காகித வியாபாரம். காகிதம் விற்கிறவன் ஏன் வெறும் காகிதத்தை விற்க வேண்டும் என்று தோன்றியதால் அச்சகம் வைத்தேன் என்பார். பொறுமை என்பது அவருக்கு மருந்துக்கும் கிடையாது. மதராஸ் பதிப்பாளர் ஒருவர் அவரிடம் ஒரு புத்தகத்தைத் தமிழில் ஆக்கி, அச்சடித்தும் தரச் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் முதன்முதலாக எழுதப்பட்ட கவிதைகளின் தொகுப்பு அது. கப்பலில் போய்க் குடியேறிய ஆட்கள் எழுதியதில் தொடங்கி, அடுத்த நூற்றைம்பது வருஷத்துக் கவிதைகள். அமெரிக்கா என்றால் எனக்கு அன்றைக்குப் பால் பவுடர் டப்பாவும் சினிமாவும்தான். ஆங்கிலம் தெரியும், கவிதை தெரியாது. ஆகையால் பாய் இன்னொருவரையும் ஏற்பாடு செய்தார்.

அவரை மத்மசேல் என்றே எழுதுகிறேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அங்கே அதுதான் மரியாதை. பெயரை எழுதவில்லை, ஏனென்றால் அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது, கேட்பதற்கு இப்போது அவர் இல்லை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், காற்று மாறியதும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா பிரெஞ்சு சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து இறந்துபோனவர். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். ஒரே தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனச் சண்டைக்குப் போனவன், சண்டை முடிந்தும் திரும்பவில்லை. காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறான், தேடுகிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சாப்பாட்டு மேசையில் அந்த அம்மா அவனுக்கும் ஒரு தட்டு வைப்பார் என்று பாய்தான் எனக்குச் சொன்னார். மத்மசேல் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வருவார். ஆறு மணிவரை வேலை. அவர் வேலை செய்கிற விதத்தைக் கவனமாகக் கேளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். இடப்பக்கத்தில் ஆங்கில மூலத்தைக் கையால் ஒரு எழுத்து விடாமல் காப்பி எடுப்பார். வலப்பக்கத்தில் தமிழ். "புஸ்தகத்தைப் பக்கத்துல வச்சி எழுதிடலாமே, எதுக்கு வெட்டி வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம கையால எழுதுனாத்தான் அந்தம்மா எங்க மூச்சு வாங்குனாங்கன்னு தெரியும், முசியே" என்றார். என்னை அவர் முசியே என்றுதான் அழைப்பார், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. மணிலா பிடுங்கின கையோடு வந்த எனக்கு அது கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

'அந்தம்மா' என்றது தொகுப்பில் முதலில் வருகிற பெண்ணை. இங்கிலாந்தில் பிறந்து, புருஷனோடு கப்பலேறி, காடும் குளிருமான கரையில் இறங்கி, எட்டுப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு நடு நடுவே எழுதியவர். எழுதியதை வீட்டுக்காரர்களுக்குக் காட்டியதோடு சரி. ஒரு நெருங்கின உறவினர் லண்டனுக்குப் போனபோது அந்தக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டுபோய், அவருக்குத் தெரியாமலேயே அச்சடித்துவிட்டார் என்று தொகுப்பின் முன்னுரையில் இருந்தது. மத்மசேலுக்கு அதைப் படித்ததும் முகம் சிவந்துவிட்டது.

"கேக்காம எடுத்துட்டுப் போயிருக்கான் பாருங்க. நல்லதுதான் செய்றோம்னு நெனச்சிருப்பான்."

"அநியாயம்" என்றேன் நானும். மனசாரத்தான் சொன்னேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கவிதைகளோடு இரண்டு வருஷம் வாழ்ந்தோம். கனவுபோன்ற இரண்டு வருஷம் அது, சொல்ல வெட்கமில்லை. ஜன்னல் வழியே உப்புக்காற்று வரும், உள்ளே நாங்கள் முந்நூறு வருஷத்துக்கு முந்திய பனியில் நடந்துகொண்டிருப்போம். கடைசி நாள் தீர்ப்பைப் பற்றி ஒரு பாதிரியார் எழுதிய நீண்ட பாட்டு ஒன்று இருந்தது. அதை நான் விருத்தத்தில் கொட்டி முழக்கியிருந்தேன். கம்பாசிட்டர் எழுத்துக் கோத்துக்கொண்டே அதைத் தொடை தட்டிப் பாடிவிட்டு, "இன்னா சார், கூத்துப் பாட்டா? எமன் எப்ப வர்றான்?" என்று கேட்டார். மத்மசேல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் நானே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எளிமையாகத் திரும்ப எழுதினேன்.

எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்று உண்டு. அந்தக் காலத்து அமெரிக்கக் கவிஞர்கள் பலர், அந்த மண்ணிலேயே இல்லாத நைட்டிங்கேல் என்கிற இராப்பாடியைப் பற்றியும் வானம்பாடியைப் பற்றியும் பாடியிருக்கிறார்கள். பழைய நாட்டுக் கவிதையில் படித்த பறவைகளை விட மனசு வரவில்லை. தங்கள் கொல்லையில் கத்துகிற பறவை கவிதைக்குள் வரலாம் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு நெடுநாள் ஆயிற்று. நான் சொன்னேன், "தமிழ்ல படிக்கிறவனுக்கு இராப்பாடி தெரியாது. குயில்னு போடுங்க. ஓக் மரத்தை ஆலமரம்னு போடுங்க. நம்ம ஆளுக்கு நெருக்கமா இருக்கும்."

"வேணாம். அவங்க மண்ணுல நம்ம மரத்தை நடாதிங்க."

"அவங்களே அடுத்தவன் பறவையத்தானே கூவ விட்டிருக்காங்க?"

"அதனாலதான் சொல்றேன். எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும்" என்றார். "பத்து வயசுல பனியைப் பத்தி பிரெஞ்சுல கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்குனேன். பனியைக் கண்ணால பாத்ததில்ல. பரிசு வாங்கிட்டு வெயில்ல செருப்பில்லாம வீட்டுக்கு வந்தேன். அந்த ஓட்டை தெரியணும் முசியே, அடைச்சிடக் கூடாது."

இரண்டு வருஷமும் ஒரு இடத்தில்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் ஒவ்வொரு பக்கத்திலும் குயிலுக்காக வாதாடினேன். தோற்றுத் தோற்று எனக்குள் சின்னதாக ஒரு வீம்பு வளர்ந்துவிட்டது.

ஐம்பத்தொன்பதில் நாலு நோட்டு முடிந்தது. ஐந்தாவது நோட்டு இரங்கற்பாக்கள். அந்தக் குடியேறிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் யாராவது செத்துவிட்டால் இரங்கற்பா எழுதுவார்கள், சில சமயம் அந்தத் தாளைப் பாடையிலேயே குத்திவைத்துவிடுவார்களாம். அந்தப் பகுதியில் மத்மசேல் மிகவும் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். அப்போது காரைக்காலில் இருந்த அவருடைய பெரியம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, அம்மாவோடு கிளம்பினார். "அஞ்சாவது நோட்டு இன்னும் ஆகல. வந்து பாத்துக்கலாம்" என்று ஐந்து நோட்டையும் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன நாலாம் நாள் மதராஸிலிருந்து தந்தி. திங்கட்கிழமைக்குள் முழுப் பிரதியும் வந்து பதிப்பாளர் பார்வைக்குப் போகாவிட்டால் புத்தகமே வேண்டாம். பாய் தந்தியை என் மூக்குக்கு நேரே ஆட்டினார். "ரெண்டு வருசமா பொம்பளையும் நீயும் பறவை பறவைன்னு பேசிட்டிருக்கிங்க. என்னாலதான் கெட்டுதுன்னு நாளைக்குச் சொல்லாத தம்பி. எடுத்துட்டுப் போ!"

ஐந்தாவது நோட்டைப் புரட்டினேன். ஏழு கவிதைகள். ஆறு கவிதைகளுக்கு இடப்பக்கத்தில் ஆங்கிலம் இருந்தது. ஏழாவதுக்கு இடப்பக்கம் காலி. வலப்பக்கத்தில் மட்டும் தமிழ்:

கதவைச் சாத்தவில்லை, தம்பி.
உப்புக்காற்று கீலை அரித்துவிட்டது,
இனிச் சாத்தவும் முடியாது.
வாசற்படி முழுக்க வேப்பம்பூ.
கூட்ட எனக்கு மனமில்லை,
மிதித்து வர நீ இல்லை.
உன்னைப் புதைக்க எந்த நாடும்
ஒரு பிடி மண் தரவில்லை எனக்கு.
யாரோடு பேசினாலும், பேச்சுக்கு நடுவே
கொஞ்சம் கொஞ்சமாக உன்னைப் புதைக்கிறேன்.

தொகுப்பில் தேடினேன், அப்படி ஒரு கவிதை இல்லை. நூலகத்திலிருந்து வேறு புத்தகங்களும் அவர் எடுத்து வந்தது உண்டு, அதில் ஏதாவது ஒன்றாக இருக்கும், ஆங்கிலத்தைப் பிறகு காப்பி எடுக்கலாம் என்று விட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரைக்காலுக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேர ஒரு நாள், பதில் வர ஒரு நாள். நேரம் இருந்தது. நான் போடவில்லை. முழு நோட்டையும் நகல் எடுத்து, அந்தக் கவிதைக்கு மேல் 'பெயர் தெரியாத குடியேறிப் பெண் ஒருவர்' என்று எழுதி, தலைப்புப் பக்கத்தில் அவர் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் போட்டு, திங்கட்கிழமை காலை மதராஸில் கொடுத்துவிட்டேன். பெரியம்மா இறந்துபோய், காரியமெல்லாம் முடிந்து மத்மசேல் திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் பதிப்பாளர் சரி என்று சொல்லி, பாய் இரவு பகலாக அச்சடித்து, புத்தகம் தைத்து அட்டையும் ஒட்டியாகிவிட்டது.

நாலு மணிக்கு வந்தார். மேசையில் புத்தகத்தை வைத்து அவர் பக்கம் தள்ளினேன். எனக்கு வாயெல்லாம் பல். அவர் தன் பெயரைப் பார்த்தார். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசிப் பகுதியில் நின்றார்.

"இது யாரு எழுதுனதுன்னு நெனச்சிங்க?"

"கப்பல்ல போனவங்கள்ல யாரோ ஒரு அம்மா. நீங்கதானே..."

"லெட்டர் என் கைக்குத்தான் வந்தது" என்றார் மத்மசேல். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "தம்பி செத்துட்டான்னு பட்டாளத்துலேர்ந்து எழுதியிருந்தாங்க. அம்மாகிட்ட, காணல, தேடிட்டிருக்காங்கன்னு சொன்னேன். அஞ்சு வருஷமா அதையேதான் சொல்லிட்டிருக்கேன். இந்த அமெரிக்காக்காரங்க பாடையில குத்திவச்சாங்களே, எனக்குப் பாடை எங்க இருக்கு? அதான் நோட்டுல எழுதி வச்சேன்."

புத்தகத்தை மூடி, என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அநியாயம் என்று சொன்ன அதே வாயோடு, அதே மேசையில், அதே காரியத்தைச் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். லண்டனுக்குப் போன அந்த ஆளாவது கவிதையை எழுதியவருடையது என்றே அச்சடித்தான். நான் அதையும் பிடுங்கி யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன்.

பாயிடம் நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். தாடியைத் தடவிக்கொண்டே, "அந்தப் பொண்ணு வாயத் தொறக்காம நீ எங்கயும் தொறக்கக் கூடாது" என்றார். யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அந்தக் கவிதை ஓர் அமெரிக்கக் கிழவியின் பெயரில் தூங்கிவிடும், மத்மசேலின் அம்மா மகனுக்கு வைக்கிற தட்டும் மேசையில் அப்படியே இருக்கும் என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

தூங்கவிடவில்லை. மதராஸில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் புத்தகத்தைப் படித்துவிட்டு, மற்றதெல்லாம் நன்று, ஆனால் இந்த ஒன்றில்தான் அமெரிக்கக் கவிதை முதன்முதலாகச் சொந்தக் குரலில் பேசுகிறது என்று எழுதிவிட்டார். கல்லூரிப் பாடமாக வைக்கப்போகிறோம், இதன் ஆங்கில மூலத்தை அனுப்புங்கள் என்று கேட்டார். ஒரு கடிதம், இரண்டு கடிதம், மூன்றாவதில் என்னை நேரிலேயே வரச் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் மத்மசேலின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். எனக்குள் இன்னொரு முட்டாள்தனம் உருவாகியிருந்தது. "நீங்களே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துடுங்க. மூலம்னு காட்டிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடுகிறது. "நம்ம புஸ்தகத்துல ஒரு பொண்ணு வருது, நெனப்பிருக்கா?" என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கப்பலில் ஏற்றி வந்து விற்கப்பட்ட சிறுமி, ஆங்கிலம் கற்றுக் கவிதை எழுதினாள். இதை இவள் எழுதியிருக்க முடியுமா என்று சந்தேகப்பட்டதால், ஊர்ப் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்த பிறகுதான் புத்தகம் வெளிவந்தது. "அவ எழுதுனதை அவளுதுன்னு நம்பவைக்க அத்தினி கையெழுத்து. நான் எழுதுனதை என்னுது இல்லன்னு நம்பவைக்க நானே கையெழுத்துப் போடணுமா?"

"அப்ப நான் போய் இன்னா சொல்றது?"

"பொய் சொல்லாதிங்க. அம்மா காதுக்குப் போற மாதிரியும் சொல்லாதிங்க." அவ்வளவுதான். மணி அடித்தது, உள்ளே போய்விட்டார்.

பேராசிரியர் வீட்டில் எனக்குக் காபி கொடுத்தார்கள். குடிக்காமல் கீழே வைத்தேன். "அந்தக் கவிதைக்கு ஆங்கில மூலம் கிடையாது ஐயா. அது மொழிபெயர்ப்பு இல்லை. என் தவறால் சேர்ந்துவிட்டது" என்றேன்.

"யார் எழுதியது?"

நான் காபி டம்ளரைப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "உம்முடைய சரக்கை ஓர் அமெரிக்க அம்மாள் தலையில் கட்டிவிட்டீர், அப்படித்தானே?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இல்லை என்றால் அடுத்த கேள்வி, தலைப்புப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பெயரைப் பற்றித்தான் வரும். ஆமாம் என்றால் அது பொய், அவர் கவிதையை இரண்டாம் தடவை திருடுவது. "எழுதியவரைக் கேட்காமல் சொல்ல எனக்கு உரிமையில்லை" என்று மட்டும் சொன்னேன். பத்து நாளில் எழுத்துமூலமான விளக்கம் வராவிட்டால் புத்தகத்தைப் பாடமாக வைக்க முடியாது, இதைப் பத்திரிகையிலும் எழுதவேண்டிவரும் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பல்வலியா என்று விசாரித்தார்.

ஊருக்கு வந்து, இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று மத்மசேலிடம் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினார்.

எட்டாம் நாள். பகல் ஒரு மணி இருக்கும், ஊரே படுத்திருந்தது. அச்சகத்தில் நான் மட்டும் இருந்தேன். அந்த வெயிலில் குடைகூட இல்லாமல் மத்மசேல் வந்து, தன்னுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேத்து அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன்" என்றார்.

அம்மாவுக்குக் கண் மங்கல். மகள் பெயர் போட்ட புத்தகத்தை முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். மத்மசேல் அந்தக் கடைசிப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். பத்திரிகையில் வந்து பக்கத்து வீட்டுக்காரர் வாயால் தெரிவதைவிடத் தன் வாயால் தெரியட்டும் என்று முடிவு செய்து, அமெரிக்கப் பெண் எழுதியது என்று சொல்லியே அந்தக் கவிதையைப் படித்தார். அம்மா மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் கேட்டார்: "அந்த ஊர்ல வேப்பம்பூ ஏதுடி?"

மகள் புத்தகத்தை மூடினார். அம்மா எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போய், மகனுடைய தட்டை எடுத்து, சுத்தமாக இருந்ததையே இன்னொரு தடவை கழுவித் துடைத்து அலமாரிக்குள் வைத்தார்.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"நீ லெட்டரைப் பிரிச்ச அன்னிக்கே உன் மொகத்துல தெரிஞ்சுதே. நீ தாங்கமாட்டன்னுதான் நான் தட்டு வச்சிட்டு வந்தேன்."

இதைச் சொல்லும்போது மத்மசேல் அழவில்லை. நான்தான் அழுதேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை, தூரத்தில் கடல் மட்டும்.

பிறகு அவர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், அதை நான் மதராஸுக்குக் கொண்டுபோனேன். பேராசிரியர் படித்துவிட்டு எழுந்து நின்றார், என்னிடம் மன்னிப்பும் கேட்டார். புத்தகம் பாடமாயிற்று. இரண்டாம் பதிப்பு உங்கள் மேசைக்குப் பின்னாலிருக்கும் அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மூலமும் தமிழுமாக அச்சடித்தோம். கடைசிக் கவிதைக்கு அவர் பெயர் இருக்கும், இடப்பக்கம் காலியாக இருக்கும். அது அச்சுப்பிழையா என்று நீங்கள் இனிக் கேட்கமாட்டீர்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இன்னொரு விஷயத்துக்காக. தந்தி வந்தது, பாய் கத்தினார், நேரமில்லை, அதனால் கேட்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரத்தின் தலையில் பழியைப் போட்டுவிடுவது இந்தத் தொழிலில் ரொம்ப சுலபம். நீங்களும் போடுவீர்கள். அன்றைக்கு அந்த வெயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம்தான் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன்.

"வேப்பம்பூவைப் படிச்சப்ப நான் நின்னேன், மத்மசேல். இது உங்க வழக்கமில்லையேன்னு தெரிஞ்சுது. அவங்க மண்ணுல நம்ம மரத்தை நட்டு, கடைசியில என் கட்சிக்கு வந்துட்டிங்கன்னு நெனச்சி சந்தோஷப்பட்டேன். கேட்டா மாத்திடுவிங்களோன்னுதான் கேக்கல."

அவர் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

"நீங்க கேட்டிருந்தா இன்னா பண்ணியிருப்பேன் தெரியுமா? அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்கன்னு எழுதியிருப்பேன். நானும் அம்மாவும் இன்னிக்கும் அந்தத் தட்டுக்கு முன்னால உக்காந்துதான் சாப்பிட்டிருப்போம்."

எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. அதை அவர் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது.

"அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது, முசியே. கிழிக்கிறதா இருந்தாலும் நான்தான் கிழிக்கணும்."